அவள் கேட்ட கருப்பு இளவரசி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "இன்னும் ரெடி ஆவலியா?" என்று யாராவது இரண்டாம் முறை கேட்டால், "நீ வந்து உக்காந்து பண்றியா?" என்று எழுந்து நாற்காலியைக் காட்டிவிடுவேன். உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு எதிரில், மாடிப்படி ஏறியதும் வலது பக்கம் இருக்கிற ஃப்ளெக்ஸ் கடையில் பதினோரு வருஷமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கட்சிக் கூட்டம், கண்ணீர் அஞ்சலி என்று எல்லாவற்றுக்கும் பேனர் டிசைன் செய்வது நான்தான். என் வாய்க்காக முதலாளி என்னை எத்தனையோ முறை நிறுத்திவிடப் பார்த்தார். முடியவில்லை. முகத்தை வெளுப்பாக்க என்னை விட்டால் இந்தப் பக்கத்தில் ஆளில்லை.

அதற்கு எங்கள் கடையில் கலர் தூக்குவது என்று பேர். வருகிறவர்கள் போட்டோவைக் கொடுத்துவிட்டு, கிளம்பும்போது வாசலில் நின்று திரும்பி, "யக்கா, கொஞ்சம் கலர் தூக்கி வுடுக்கா" என்பார்கள். கல்யாணப் பெண்ணுக்குக் கேட்பார்கள். மாப்பிள்ளைக்குக் கேட்பார்கள். எண்பது வயசு வரைக்கும் வெயிலில் ஏர் ஓட்டிச் செத்துப்போன மனுஷனுக்கும் அவர் பிள்ளைகள் கேட்பார்கள். நானும் தூக்கிக் கொடுப்பேன். கலரை இறக்கிக் கொடு என்று இத்தனை வருஷத்தில் ஒருவரும் கேட்டதில்லை. நான் நல்ல கருப்பு. என் கல்யாண ஆல்பத்தில் கழுத்துக்குக் கீழே நான் இருக்கிறேன், கழுத்துக்கு மேலே ரோஸ் நிறத்தில் வேறு யாரோ இருக்கிறாள். அதைப் பெரிதாக ஃப்ரேம் போட்டு வீட்டில் மாட்டியவளும் நான்தான். யாரையும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது.

பெண் குழந்தைகளின் பிறந்த நாளென்றால் வேலை இன்னும் சுலபம். கம்ப்யூட்டரில் "பாப்பா" என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. அதில் ஆறு பிரின்சஸ். கார்ட்டூன் படங்களில் வருகிற இளவரசிகள்தான். நீல கவுன், மஞ்சள் கவுன், ரோஸ் கவுன் என்று ஆளுக்கொரு நிறம். தலையை மட்டும் எடுத்துவிட்டு வெறும் உடம்பாக வைத்திருப்போம். குழந்தையின் முகத்தை வெட்டிக் கழுத்தில் உட்கார வைத்து, தலையில் ஒரு கிரீடத்தைப் போட்டால் முடிந்தது. ஆறு பேருக்கும் கையும் கழுத்தும் அவித்து உரித்த முட்டை நிறத்தில் இருக்கும். அந்த டிசைன்கள் எப்போதோ யாரிடமிருந்தோ பென் டிரைவில் வந்தவை. கை தனியாக, கவுன் தனியாகப் பிரியாது. அதனால் கையின் நிறத்தை மாற்றுவது பெரிய வேலை. முகத்தின் நிறத்தை மாற்றுவது இரண்டு நிமிஷ வேலை. நாங்கள் எப்போதும் முகத்தைத்தான் மாற்றுவோம்.

அந்தக் குழந்தை கடைக்கு வந்தது ஆடி மாசத்தில். ஆடியில் எனக்குச் சோறு தின்ன நேரமிருக்காது. எல்லா அம்மன் கோயிலுக்கும் கூழ் ஊற்றுகிற பேனர், ஒவ்வொன்றிலும் இருபது முப்பது முகம், எவன் முகம் சின்னதாகிவிட்டதென்று போனிலேயே சண்டை. அப்படி ஒரு நாள் காலையில் ஒரு ஆள் தயங்கித் தயங்கிப் படியேறி வந்தான். பின்னால் ஒரு பெண் குழந்தை. இரண்டு பேர் காலிலும் செருப்பில்லை. கீழேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்.

"இன்னாப்பா, இது இன்னா கோயிலா? போயி செருப்ப மாட்டிக்கினு வா, எவனாவது தூக்கினு போயிடப்போறான்" என்று நான் அதட்டினேன். அவன் சிரித்தானே தவிர நகரவில்லை.

ஏரிக்கரை ஓரத்தில் இருக்கிற இருளர் குடியிருப்பிலிருந்து வந்திருந்தான். அறுவடை, மரம் வெட்டுவது, ஏரியில் தண்ணீர் வற்றினால் மீன் பிடிப்பது என்று கிடைத்த வேலைக்குப் போகிறவன். "புள்ளைக்குப் பொறந்த நாளுக்கா. ஏளு முடிஞ்சி எட்டு ஆவுது. ஒரு பேனர் வோணும்" என்றான். "எங்க பக்கத்துல இதுவரிக்கும் யாரும் வெச்சதில்ல. ஊர்ப் புள்ளைங்க பேனரெல்லாம் பாத்துக்கினேதான் இவ ஸ்கூலுக்குப் போறா."

குழந்தை என்னைவிடக் கருப்பு. பெரிய கண். தாடையில் சின்னதாக ஒரு தழும்பு, எங்கேயோ விழுந்த காயம். என் பக்கத்தில் வந்து நின்று கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபோல்டரைத் திறந்து ஆறு பிரின்சஸையும் ஒவ்வொன்றாகக் காட்டினேன். இந்த இடத்தில் எல்லாக் குழந்தைகளும் எதையாவது காட்டிக் குதிக்கும். இவள் ஆறையும் பார்த்து முடித்துவிட்டு, "கருப்பு பிரின்சஸு இல்லியாக்கா?" என்றாள்.

"அப்பிடி ஒண்ணு கீதா இன்னா?"

"கீதுக்கா! ஸ்கூல்ல பெரிய டிவில டீச்சரு படம் போட்டாங்க. தமிள்லயே பேசுது. அவ கருப்பா கீறா. முடி சுருட்ட சுருட்டயா கீது. செருப்பே போடாம மல மேல ஓடறா. கடைசில கிரீடம் அவளுக்குத்தான் வெக்கிறாங்க." மூச்சு விடாமல் சொன்னாள். பிறகு குரலைக் குறைத்து, "அந்தப் படம் போட்டப்ப கிளாஸ்ல எல்லாரும் என்னத் திரும்பிப் பாத்தாங்க. எப்பவும் பாக்கற மாரி இல்லக்கா. நல்லா பாத்தாங்க" என்றாள்.

அப்பன் வெட்கப்பட்டு அவள் தோளைத் தொட்டு இழுத்தான். "அது அப்பிடித்தான் பேசும். நீங்க எதுனா நல்லதா பாத்துப் போடுங்கக்கா."

"சரி பாப்பா, தேடிப் பாக்கறேன்" என்றேன். போட்டோவை அவன் போனிலிருந்து கடை வாட்ஸ்அப்புக்கு அனுப்பச் சொன்னேன். ஏரிக்கரையில் ஒரு வேப்ப மரத்தடியில் நின்று எடுத்தது. வெளிச்சம் நன்றாக விழுந்திருந்தது. சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகம்.

நான் தேடவில்லை. இதை எழுதும்போது கை கூசுகிறது. அன்று மத்தியானம் இரண்டு கோயில் பேனர் நின்றுகொண்டிருந்தது, போன் ஓயாமல் அடித்தது, சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. இதெல்லாம் உண்மை. ஆனால் காரணம் அதுவல்ல. அந்தக் குழந்தை கேட்டதை நான் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. கருப்பாக ஒரு இளவரசி, அதையும் போய் யாராவது பேனரில் போடுவார்களா, குழந்தை தெரியாமல் கேட்கிறது என்றுதான் நினைத்தேன். நீல கவுனை எடுத்தேன். போட்டோவைத் திறந்தேன். தழும்பின் மேல் மவுஸால் ஒரு தட்டு தட்டினேன், போய்விட்டது. பிறகு கலரைத் தூக்க ஆரம்பித்தேன். இந்த ஒரு பேனரிலாவது இது அழகாக இருந்துவிட்டுப் போகட்டும், பாவம் என்று வழக்கத்தைவிட அதிக நேரம் உட்கார்ந்து, மூக்கோரம், காதோரம், நெற்றி என்று பார்த்துப் பார்த்து வெளுத்தேன். யாரும் கேட்காமலேயே செய்தேன். தருமம் செய்கிற நினைப்பு எனக்கு. முடித்ததும், முகத்தை வெட்டிக் கவுனில் வைக்குமுன், வந்த போட்டோவின் மேலேயே சேவ் செய்தேன். நான் எப்போதும் அப்படித்தான் செய்வேன். கம்ப்யூட்டரில் இடம் போதாது.

மறுநாள் பேனரை வாங்க இருவரும் வந்தார்கள். கடைத் தரையில் விரித்துக் காட்டினேன். அப்பனுக்கு வாயெல்லாம் பல். "யப்பா, எம் புள்ளயா இது! சினிமாக்காரி மாரி கீறா" என்றான். குழந்தை பேனரின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். நீல கவுன்காரியின் கைக்குப் பக்கத்தில் தன் கையைக் கவிழ்த்து வைத்துப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"இது யாருக்கா?"

"நீதான்டி" என்றான் அப்பன்.

அவள் அவனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "கருப்பு பிரின்சஸு கெடைக்கலியாக்கா?"

"தேடுனேன் பாப்பா. கெடைக்கல."

"நல்லா தேடுனியாக்கா?"

எனக்குச் சுருக்கென்று எரிச்சல் வந்தது. இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறேன், ஒரு சிரிப்புகூட இல்லை, கேள்வியைப் பார் என்று. "நல்லாத்தான் தேடுனேன். நம்மகிட்ட அதெல்லாம் வராது. எட்த்துக்கினு கெளம்பு, எனக்கு வேல கீது" என்றேன். அவள் எழுந்துகொண்டாள். அப்பன் பேனரைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு போனான். குடியிருப்பு வாசலில் ரோட்டோரமாகக் கட்டியதாகவும், எல்லாரும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டதாகவும் இரண்டு நாள் கழித்து போன் செய்து சொன்னான். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு நான் அதை மறந்துபோனேன். ஒரு நாளைக்கு எத்தனை முகம்.

கார்த்திகையில் அவன் திரும்ப வந்தான். மழை விட்டு வெயில் வந்திருந்த ஒரு முற்பகல். இந்த முறை கூட வந்தது அவன் பெண்சாதி. ஒடிசலான பெண், ஈர முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். இருவரும் செருப்பைக் கீழேயே விட்டிருந்தார்கள். இன்னாப்பா, அடுத்த பொறந்த நாளு அதுக்குள்ள வந்துடுச்சா என்று கிண்டலாகக் கேட்க வாயெடுத்தவள், அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அந்த வரையில் என் வாய் அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது.

"புள்ள போயிடுச்சிக்கா" என்றான்.

காய்ச்சல். நான்கு நாள். முதலில் இங்கே காட்டி, பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஸ்டூலை இழுத்துப்போட்டேன். அந்தப் பெண் உட்கார்ந்தாள். அவன் நின்றான்.

படையலுக்கு வைக்க ஒரு படம் வேண்டும் என்றார்கள். அவன் போன் ஐப்பசியில் வயல் தண்ணீரில் விழுந்து செத்துவிட்டது. அதிலிருந்ததெல்லாம் போயிற்று. பள்ளிக்கூடத்தில் கேட்டிருக்கிறார்கள், ஒரு குரூப் போட்டோ கொடுத்தார்கள். அதில் முகம் பட்டாணி அளவு, அன்றைக்கென்று பவுடரை அப்பிக்கொண்டு போயிருக்கிறாள். மற்றபடி இருப்பது பேனர் ஒன்றுதான்.

"அந்த பேனர்ல கீறது எம் புள்ள இல்லக்கா" என்றாள் அவள். குரலில் கோபம் எதுவும் இல்லை. "மளைக்கு வூடு ஒளுவுதுன்னு அத்தத்தான் மேல கட்னோம். வெளிப்பக்கம் வெச்சா வெயில்ல மூஞ்சி போயிடும்னு உள்பக்கம் பாத்து கட்னாரு இவரு. புள்ள காய்ச்சல்ல படுத்துக்கினு அத்தயே பாத்துக்கினு கெடந்தா. யம்மா, நம்ம வூட்ல அந்தப் பொண்ணு இன்னா பண்றான்னு கேட்டா. நீங்க அவளாட்டமே ஒரு படம் குடுங்கக்கா. அவ கலர்லயே குடுங்க. நாங்க அன்னிக்கி அனுப்புனது உங்ககிட்ட இருக்குமில்ல."

இருக்குமா என்று நான் தேட ஆரம்பித்தேன். அன்று தேடியதுதான் தேடல். கடை போனில் வாரா வாரம் எல்லாவற்றையும் அழித்துவிடுவோம். கம்ப்யூட்டரில் அந்தத் தேதிக்குப் போய்ப் பார்த்தேன். ஃபைல் இருந்தது. திறந்தால் வேப்ப மரம் இருந்தது, பின்னால் ஏரி இருந்தது. நடுவில் நான் வெளுத்த முகம் இருந்தது. வேறு எங்கேயும் இல்லை. அந்தக் குழந்தையின் சொந்த முகத்தை இந்த உலகத்தில் கடைசியாகக் கையில் வைத்திருந்தவள் நான். நான்தான் அதை அழித்தேன்.

"படம் அதுல கீதாக்கா?" என்றான் அவன்.

"கீது. கொஞ்சம் சரி பண்ணணும்" என்றேன்.

கலரை இறக்க ஆரம்பித்தேன். பதினோரு வருஷத் தொழில்காரி, அது எனக்கு வரவில்லை. இறக்க இறக்க முகம் கருக்கவில்லை, மங்கியது. "சாம்பலாட்டம் கீதேக்கா" என்றாள் அவள். சாம்பல் என்ற வார்த்தை அவள் வாயில் அப்போது வந்திருக்கக் கூடாது. அவளுக்கே சுருக்கென்று பட்டிருக்க வேண்டும், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு அவளே, "அவ இவரு கலருக்கா. அச்சு இவருதான்" என்றாள். அவன் கையை நீட்டி மேசைமேல் வைத்தான். என் போனில் அந்தக் கையைப் படம் எடுத்தேன். பார்த்தால் போன் அதையும் வெளுப்பாக்கியிருந்தது. சே! ஏதோ ஒரு பட்டனைத் தேடிப் பிடித்து அதை நிறுத்திவிட்டுத் திரும்ப எடுத்தேன். அந்த நிறத்தைத் தொட்டு எடுத்து முகத்தில் பூசினேன். அவள் தலையை ஆட்டினாள். "இவரு கைல வெயில் ஏறிக் கீது. புள்ளைக்கு இத்தினி வெயில் ஏறல." அவன் சட்டைக் கையை மேலே மடக்கி, தோளுக்குக் கீழே வெயில் படாத இடத்தைக் காட்டினான். அங்கே எடுத்தேன். கொஞ்சம் கொஞ்சமாக முகம் வந்தது. நெற்றி வந்தது, கன்னம் வந்தது. அவள் ஸ்டூலோடு முன்னால் நகர்ந்தாள்.

"தளும்பு எங்கக்கா?"

நான் திரையைப் பார்த்தபடியே, "எந்தப் பக்கம்மா?" என்றேன்.

"இடது" என்றாள் அவள். "வலது" என்றான் அவன். இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். "இல்ல, கெணத்து மேட்ல வுளுந்தாளே, இந்தப் பக்கந்தான்" என்று அவன் தன் தாடையைத் தொட்டுக் காட்டினான். அவள் இல்லை இல்லை என்றாள். பிறகு இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெற்றவர்களுக்கே பிள்ளையின் முகம் நழுவுகிறது என்று அவர்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. அழவில்லை, பயந்துபோனார்கள். எனக்கும் நினைவில்லை. அதன் மேல் ஒரு தட்டு தட்டியது மட்டும்தான் விரலில் இருந்தது.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இடது கையை முன்னால் நீட்டி, இல்லாத ஒரு தலையின் பின்பக்கத்தைப் பிடித்தாள். வலது கையால் அந்த முகத்தைக் கழுவினாள். தினமும் காலையில் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதற்குமுன் செய்ததுதான். நெற்றியிலிருந்து இறங்கிய கை தாடையில் வந்ததும் கட்டைவிரல் நின்றது. அங்கேயே இரண்டு முறை தேய்த்தது.

"இங்க" என்றாள்.

அவன் அதற்குமேல் மறுக்கவில்லை. நான் மவுஸைப் பிடித்து அந்த இடத்தில் ஒரு தழும்பை வரைந்தேன். அழித்தது ஒரே தட்டில், வரைவதற்கு வெகுநேரம் ஆனது. பெரிசா போச்சு என்றாள், சின்னதாக்கினேன். இன்னும் கொஞ்சம் கீழே என்றாள், இறக்கினேன். கடைசியில், "இப்ப கிட்ட வந்துட்டா" என்றாள். அவளே வந்துவிட்டாள் என்று சொல்லவில்லை. எனக்கும் தெரியும், அது அவளில்லை. அப்பன் தோளின் நிறம், அம்மா கட்டைவிரலின் ஞாபகம், மிச்சமெல்லாம் என் குத்துமதிப்பு.

"சுத்தி இன்னாப்பா வெக்கட்டும்? வெளக்கு கீது, பூ கீது" என்று கேட்டேன்.

அவன் திரைக்குப் பக்கத்தில் குனிந்தான். "அவ கேட்டாளேக்கா, அந்தக் கருப்பு பிரின்சஸு. அன்னிக்கி இல்லன்னீங்க. இப்ப எதுனா வந்துகீதா?"

நான் நெட்டைத் திறந்து நான்கு வார்த்தை அடித்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. திரை முழுக்க வந்து நின்றாள். ஓடுகிறாள், மலைமேல் உட்கார்ந்திருக்கிறாள், சிரிக்கிறாள், கிரீடம் வைத்துக்கொண்டு நிற்கிறாள். பேனர் அடிக்கிற அளவுக்குப் பெரிய படமாகவே எத்தனையோ இருந்தன. சுருட்டை முடி. செருப்பில்லாத கால்.

"யப்பா, இத்தினி கீதே" என்றான் அவன். "இப்பதான் வந்துதாக்கா?"

அவள் திரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "புள்ள வூட்டுக்கு வந்து சொன்னா. அந்தக்கா பாவம், நல்லா தேடிச்சாம்மா, எங்கயும் இல்லியாம்னு."

எனக்கு வாய் நீளம் என்று சொன்னேனே, அந்த வாய் அப்போது திறக்கவில்லை. இப்போதுதான் வந்தது என்று சொல்லியிருந்தால் அவர்கள் நம்பியிருப்பார்கள். அந்தக் குழந்தையும் நம்பித்தான் போயிருக்கிறாள்.

"இல்லம்மா" என்றேன். "அன்னிக்கி நான் தேடவேயில்ல. புள்ளகிட்ட பொய் சொல்லிட்டேன்."

அவன் தரையைப் பார்த்தான். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. அவள் விரலை நீட்டி, திரையில் மலைமேல் ஓடுகிறவளைத் தொட்டாள்.

"இவதானாக்கா அவ சொன்னது?"

"இவதாம்மா" என்றேன். நானும் அன்றைக்குத்தான் அவளை முதன்முதலாகப் பார்த்தேன்.